இத்தாலி மலையூரில் வீடு எடுக்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருநெல்வேலியிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு நவம்பர் முதல் வாரம் பள்ளி விடுமுறை. நாங்கள் இருக்கும் மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாகக் காரில் ஐந்து மணி நேரத்தில் டோலமைட் மலைகளுக்குப் போய்விடலாம். அம்மா வெளியில் சாப்பிட மாட்டார். அதனால் சமையலறையோடு இருக்கும் வீடாகத் தேடி, த்ரெந்தீனோவின் ஃபாஸா பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் ஐந்து இரவுக்கு எடுத்தோம்.

புக்கிங் தளத்தில் விசாரித்ததும் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் வந்தார். "தளத்துக்கு எதற்குக் கமிஷன்? எனக்கே நேராக அனுப்புங்கள், 80 யூரோ குறைத்துக்கொள்கிறேன்" என்றார். வாடகை 640, டெபாசிட் 300. இரண்டையும் அவர் சொன்ன வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். இப்படி அனுப்பிவிட்டால் தளத்தின் பாதுகாப்பு எதுவும் நமக்குக் கிடையாது. தகராறு வந்தபோது வங்கியும், "நீங்களே அனுப்பிய பணம், திரும்ப எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டது.

போட்டோவில் மர பால்கனி, எதிரே கத்தினாச்சோ சிகரங்கள். சாயங்கால வெயிலில் அந்தப் பாறைகள் ரோஜா நிறமாவதை அந்த ஊர் மக்கள் 'என்ரொசாதீரா' என்பார்கள். அதைப் பார்க்கத்தான் அம்மா அவ்வளவு ஆசைப்பட்டார். பால்கனி மேல்மாடிக்காரருடையது. எங்களுக்குக் கிடைத்தது பாதி தரைக்குக் கீழே இருக்கும் வீடு. ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது வாசலில் நின்ற கார்களின் டயர்கள்.

முதல் நாள் ராத்திரி ஏழு மணி. மின்சார அடுப்பில் ஒரு பக்கம் குக்கர், இன்னொரு பக்கம் ரசம். பாத்ரூமில் கீசர் ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் முதல் விசில் வருவதற்குள் வீடே இருண்டுவிட்டது. இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு மின் இணைப்பு 3 கிலோவாட்தான். அடுப்பும் கீசரும் சேர்ந்து ஓடினால் மீட்டர் தானாக ட்ரிப் ஆகிவிடும், போய்த் தூக்கிவிட வேண்டும். இதை வீட்டில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. மீட்டரோ பூட்டிய நிலவறைக்குள், சாவி வீட்டுக்காரரிடம். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஒரு ஆள் வந்து திறந்தார். அதுவரை அப்பா இரண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். அரிசி பாதி வெந்து களியாகிவிட்டது. வெளியே வாங்கலாம் என்றால், நவம்பரில் அங்கே ரோப் கார் நின்றுவிடும், பாதி ஓட்டல்கள் மூடியிருக்கும். பிள்ளைகள் பிஸ்கட் சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

ஆனால் எனக்கு இன்றுவரை ஆறாதது வேறு. ஹீட்டர் சரியாகச் சூடாகவில்லை என்றதற்கு, "கூடத்தில் விறகு அடுப்பு இருக்கிறதே, மூட்டிக்கொள்ளுங்கள்" என்றார் அந்த ஆள். அப்பா அம்மா படுத்தது அதற்கு அடுத்த அறையில். வாடகைக்கு விடும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் தீயணைப்பானும் இருக்க வேண்டும் என்று இத்தாலியச் சட்டமே சொல்கிறது. அங்கே இரண்டும் இல்லை. விறகு சரியாக எரியாவிட்டால் வரும் அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். நான் அடுப்பை மூட்டவில்லை. ஐந்து இரவும் எல்லோரும் ஸ்வெட்டரோடுதான் படுத்தோம்.

கிளம்பும் நாள் காலையில் அதே ஆள் வந்து ஹீட்டர் மீட்டரைப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டார். ஹீட்டருக்கு 170, படுக்கை விரிப்புக்கு 60, கடைசிச் சுத்தத்துக்கு 70. கூட்டினால் சரியாக 300, டெபாசிட் முழுவதும் போயிற்று. "எல்லாம் சேர்த்துத்தான் வாடகை" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்ததைக் காட்டினேன். "ஹீட்டர் தனி, இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்றார். மலையூர்களில் ஹீட்டருக்குத் தனியாக வாங்கும் வழக்கம் இருப்பது உண்மைதான். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? நாங்கள் வந்த அன்று மீட்டர் எந்த எண்ணில் நின்றது என்பதும் எனக்குத் தெரியாது. போனவுடன் மீட்டரை ஒரு போட்டோ எடுத்திருந்தால் அந்த 170-ஐக் கேள்வி கேட்டிருப்பேன். சுற்றுலா வரி என்று தலைக்கு இவ்வளவு எனக் கையில் ரொக்கமாகவும் வாங்கினார். ரசீது கேட்டதற்கு, பிறகு அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் விளம்பரத்தை நிதானமாகப் பார்த்தேன். சுற்றுலாவுக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் 'சின்' (CIN) என்ற தேசியப் பதிவு எண் இருக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து விளம்பரத்திலும் வீட்டு வாசலிலும் அதைப் போடாவிட்டால் அபராதம். எண் 'IT' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், அடுத்த மூன்று இலக்கம் மாகாணக் குறியீடு. ஃபாஸா பள்ளத்தாக்கு இருக்கும் த்ரெந்தோ மாகாணத்துக்கு 022. எங்கள் விளம்பரத்தில் இருந்தது 027, அது வெனிஸ். யாருடைய எண்ணையோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வாசலில் எந்த எண்ணும் இருந்த ஞாபகம் இல்லை.

பாஸ்போர்ட்டையும் யாரும் கேட்கவில்லை. தங்குபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸின் இணையதளத்தில் பதிவது வீட்டுக்காரரின் கடமை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: வேறொரு செங்கன் நாட்டிலிருந்து (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) இத்தாலிக்குள் வந்தால் எட்டு நாளுக்குள் நம் வருகையைப் போலீஸிடம் தெரிவிக்க வேண்டும். ஓட்டலில் தங்கினால் அங்கே செய்யும் பதிவே அதற்குப் போதும். விசாவில் வந்த அப்பா அம்மாவை எந்தப் பதிவும் இல்லாத வீட்டில் வைத்திருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

வீட்டுக்காரரிடம் கேட்க மூன்று சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 'ரிஸ்கல்தமெந்தோ' ஹீட்டர், 'பியாங்கெரியா' படுக்கை விரிப்பு, 'புலீத்சியே ஃபினாலி' கடைசிச் சுத்தம். மூன்றும் வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று தளத்தின் மெசேஜிலேயே பதில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். 'ஆ கொன்சூமோ' என்று பதில் வந்தால் மீட்டர்படி காசு என்று அர்த்தம். யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

விளம்பரத்தில் இருந்த அந்த 027 எண்ணையும் போட்டோக்களையும் சேர்த்து அந்த ஊர் நகராட்சிப் போலீஸுக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். தளத்திலும் புகார் கொடுத்தாயிற்று. நேற்று ராத்திரி பார்த்தேன், விளம்பரம் இன்னும் இருக்கிறது. முதல் படம் அதே பால்கனிதான்.