அட்வான்ஸில் பிடித்த பெயின்டிங் காசு

நங்கநல்லூரில் அப்பா அம்மா இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து கொடுக்கத்தான் இந்தத் தடவை லண்டனிலிருந்து போனேன். சாமான் ஏற்றியது, கேஸ் மாற்றியது எல்லாம் சரியாகவே நடந்தது. அட்வான்ஸைத் திரும்பக் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. வாடகை 18,000. பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அப்படியே பிடித்துக்கொண்டார் ஹவுஸ் ஓனர். சுவரில் ஒரு ஆணி ஓட்டை கிடையாது. காலண்டரைக்கூட அம்மா ஜன்னல் கம்பியில்தான் மாட்டியிருந்தார். "அக்ரிமென்ட்லயே இருக்கே சார், எல்லா வீட்லயும் இதான் வழக்கம்" என்றார்.

எடுத்துப் பார்த்தால், இருக்கிறது. பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி ஜெராக்ஸ் கடையில் அடித்துத் தரும் அதே பதினோரு மாத அக்ரிமென்ட், முழுக்க ஆங்கிலத்தில். இயல்பான தேய்மானம் நீங்கலாக வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் ஒரு ஷரத்து. காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குப் பிடிக்கப்படும் என்று அடுத்த பக்கத்தில் இன்னொன்று. குடியிருந்த வீட்டில் சுவர் மங்குவது தேய்மானம் இல்லையென்றால் வேறு எதுதான் தேய்மானம்?

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. சொன்னேன். "அதெல்லாம் யார் சார் பாக்குறா?"

இங்கிலாந்தில் 2007-லிருந்து, பொதுவான வாடகை வீடுகளின் அட்வான்ஸை வீட்டுக்காரர் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். பிடித்தத்தில் தகராறு வந்தால் தீர்த்துவைக்க அங்கே ஆள் உண்டு. இங்கே யாரிடம் போவது என்று கேட்டால் அக்கம்பக்கத்தார் சிரிக்கிறார்கள்.

மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அக்ரிமென்டே கிடையாது. வீட்டுக்கார மாமி நோட்டில் எழுதிவைப்பார். பொங்கலுக்கு முன்னால் அவரே ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்துத் தருவார். அந்த நம்பிக்கை போய் அந்த இடத்தில் காகிதம் வந்த பிறகும், படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் மட்டும் நம்மிடம் அப்படியே இருக்கிறது.

புது வீடு மடிப்பாக்கத்தில். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே டிராஃப்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, அப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அங்கேயும் அதே பெயின்டிங் ஷரத்து! "சேதம் இருந்தால் மட்டும், பில்லோடு" என்று மாற்றக் கேட்டோம். ஓனரம்மா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அப்புறம் அப்பாவே, காலி செய்யச் சொல்வதானால் அவர்களும் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதற்கும் சரி என்றுவிட்டார்.