விஎம்முக்கு ராம் கூட்டுவது: ஓடும்போதேயா, நிறுத்திவிட்டா?

போன மாதம் எங்கள் பில்லிங் சர்வருக்கு 8 ஜிபி ராம் போதவில்லை. அது பிராக்ஸ்மாக்ஸில் (ஒரே மெஷினுக்குள் பல மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம். அதைத் தாங்கும் நிஜ மெஷினான ஹோஸ்ட்டில் ராம் சும்மா கிடக்கிறது. எண்ணை 16 ஆக்கி ஓகே அழுத்த வேண்டியதுதான். அந்த எண் உள்ளே போய்ச் சேர இரண்டு வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றலாம், அதுதான் ஹாட்பிளக். அல்லது முழுசாக நிறுத்தி, மாற்றி, மறுபடி கிளப்பலாம். நான் நிறுத்தும் பக்கம். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, கொஞ்சம் தள்ளி வருகிறது.

அதற்கு முன்னால், மூன்றாவது வழி என்று பலர் நினைத்துக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் டெஸ்ட் விஎம்மில் பார்ப்போம் என்று உடன் வேலை செய்யும் தம்பியிடம் கொடுத்தேன். 16 என்று மாற்றினான், எஸ்எஸ்ஹெச் வழியாக விஎம்முக்குள் நுழைந்து ரீபூட் கொடுத்தான்.

“அண்ணா, ரீபூட் ஆயிடுச்சு. இன்னும் எட்டுதான் காட்டுது.”

போய்ப் பார்த்தேன். விஎம்முக்குள் அப்டைம் (எவ்வளவு நேரமாக ஓடுகிறது) கேட்டால் 2 நிமிடம். பிராக்ஸ்மாக்ஸ் திரையில் அதே விஎம்முக்கு 97 நாள். இரண்டுமே உண்மைதான். ஹோஸ்ட்டைப் பொறுத்தவரை விஎம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம், ஒரு கியூஎம்யூ பிராசஸ். உள்ளே லினக்ஸ் ரீபூட் ஆனாலும் அந்த பிராசஸ் சாவதில்லை, அமைப்பை மறுபடி படிப்பதும் இல்லை. ரீசெட் பட்டனை அமுக்கியதோடு சரி. கேபினெட்டைத் திறந்து யாரும் ராம் செருகவில்லை. மாற்றிய எண், ஹார்டுவேர் பக்கத்தில் பழைய எண்ணுக்குக் கீழே வேறு நிறத்தில் காத்துக்கொண்டிருக்கும். பிராக்ஸ்மாக்ஸ் திரையிலேயே இருக்கும் ரீபூட் பட்டனை அழுத்தினால் அது ஷட்டவுன் செய்து திரும்பக் கிளப்பும், மாற்றமும் ஏறும். பெயர் ஒன்று, வேலை வேறு. 2018-இல் ஸ்பெக்டர் என்ற சிபியு பாதுகாப்பு ஓட்டைக்கு பேட்ச் போட்ட நாட்களிலும் இதே கதைதான்: புதிய சிபியு அம்சங்கள் கெஸ்டுக்கு, அதாவது விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு, தெரிய ரீபூட் போதவில்லை, முழுசாக அணைத்து எழுப்ப வேண்டியிருந்தது.

சரி, ஹாட்பிளக்குக்கு வருவோம். டவுன்டைம் இல்லை என்பது பெரிய கவர்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் அது சும்மா வருவதில்லை. பிராக்ஸ்மாக்ஸில் டிஸ்க், நெட்வொர்க், யூஎஸ்பி மூன்றுக்குத்தான் இயல்பாகவே ஹாட்பிளக் உண்டு. மெமரிக்கு நாமாக இயக்க வேண்டும், அதற்கு நூமா என்ற அமைப்பும் (சிபியுவையும் மெமரியையும் குழுக்களாகப் பிரித்துக் காட்டுவது) இயங்க வேண்டும். இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான விஎம்வேரிலும் மெமரி ஹாட்பிளக், சிபியு ஹாட்ஆட் டிக்குகளை விஎம் அணைந்திருக்கும்போதுதான் போட முடியும். நிறுத்தாமல் கூட்டும் வசதி வேண்டுமென்றால் அதற்காக ஒருமுறை நிறுத்த வேண்டும்! கூட்டியதைக் குறைப்பதும் லேசில்லை. ஓடும் விஎம்மிலிருந்து மெமரியைத் திரும்ப எடுக்க விஎம்வேர் விடாது. பிராக்ஸ்மாக்ஸ் முயன்று பார்க்கும், ஆனால் அந்தப் பகுதியில் லினக்ஸ் கெர்னல் ஏற்கெனவே குடியேறியிருந்தால் காலி செய்யாது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவைதான். என் முடிவை மாற்றியது வேறு. கூட்டிய ராமை யார் சாப்பிடப் போகிறார்கள் என்ற கேள்வி.

அதே டெஸ்ட் விஎம்மை நிறுத்தி, 8-க்கு இறக்கி, ஹாட்பிளக்கை இயக்கிக் கிளப்பினோம். பிறகு ஓடும்போதே 16 ஆக்கினோம். ‘ஃப்ரீ’ கட்டளையில் உடனே கிட்டத்தட்ட 16 வந்துவிட்டது. தம்பி முகத்தில் சிரிப்பு. அப்புறம் பெரிய ரிப்போர்ட் ஒன்றை ஓட்டினோம். பழையபடி மெமரி போதவில்லை என்று ஜாவா விழுந்தது. எங்கள் பில்லிங் மென்பொருள் ஜாவாவில் எழுதியது, ஹீப் (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) அளவை யாரும் குறிப்பிட்டுக் கொடுக்கவில்லை. அப்படி விட்டால் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம், தான் கிளம்பும் நேரத்தில் இருக்கும் மெமரியில் கால் பங்கை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். கிளம்பும்போது இருந்தது 8, ஆகவே ஹீப் 2 ஜிபி. பிறகு 16 அல்ல, 160 கொடுத்தாலும் அதற்கு 2-தான். ஜாவாவை நிறுத்திக் கிளப்பிய பிறகுதான் 4 ஆனது, ரிப்போர்ட்டும் வந்தது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் இப்படித்தான். அது தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் மெமரியான ‘ஷேர்டு பஃபர்ஸ்’ அளவை மாற்றினால் டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். சிபியு கூட்டினாலும் இதே கதை: ‘ஆட்டோ’ என்று விட்ட என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், கோர்களை எண்ணி வொர்க்கர்களைப் பிரிப்பது கிளம்பும்போது. அதாவது ராமை ஓடும்போது ஏற்றினாலும் அதைப் பயன்படுத்த வேண்டிய மென்பொருளை நிறுத்தத்தான் வேண்டும். பயனருக்கு பில்லிங் நின்றால் நின்றதுதான். நின்றது ஜாவாவா, மொத்த மெஷினா என்று அவருக்கு என்ன கவலை? மிச்சமாவது லினக்ஸ் பூட் ஆகும் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காக நூமாவோடு மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை.

விதிவிலக்குகள் உண்டு. கோப்புகளை நிறையப் படிக்கும் சர்வர் என்றால், கூடுதல் ராமை லினக்ஸ் பேஜ் கேஷுக்கு (படித்த கோப்புகளை ராமில் வைத்துக்கொள்ளும் இடம்) உடனே எடுத்துக்கொள்ளும், அங்கே ஹாட்பிளக்கின் பலன் கண்ணுக்குத் தெரியும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் 5.7 முதல் இன்னோடிபி பஃபர் பூலை (அதன் முக்கிய மெமரி ஒதுக்கீடு) ஓடும்போதே பெரிதாக்கலாம். உங்களிடம் இருப்பது அதுதான் என்றால் என் வாதம் பாதி விழுந்துவிடும். டிஸ்க்குக்கோ நெட்வொர்க் கார்டுக்கோ நான் எதையும் நிறுத்துவதே இல்லை.

விண்டோஸ் கெஸ்ட்களில் என் அனுபவம் இரண்டு மெஷின்களோடு முடிந்துவிட்டது, அதனால் அங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 2016 பதிப்பிலிருந்து ஓடும் விஎம்மின் மெமரியை மாற்ற விடுகிறது. சிபியு எண்ணிக்கைக்கு அணைத்துத்தான் ஆக வேண்டும். அமேசானின் வாடகை சர்வர் சேவையான இசி2-வில் இன்ஸ்டன்ஸ் (அங்கே விஎம்முக்குப் பெயர்) வகையை மாற்றுவதென்றால் நிறுத்துவதைத் தவிர வழியில்லை. அங்கே எலாஸ்டிக் ஐபி (மாறாத பொது ஐபி) இல்லாமல் நிறுத்தினால் எழும்போது பொது ஐபி மாறியிருக்கும், அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பில்லிங் விஎம்மை ஒரு சனிக்கிழமை இரவு 10 மணிக்கு நிறுத்தினேன். மாற்றி, கிளப்பி, ஜாவா எழுந்தது வரை 6 நிமிடம். ஏழு மாதமாக நிற்காமல் ஓடிய மெஷின் அது. எழுந்ததும் இன்வாய்ஸ் பிடிஎஃப் எதுவும் திறக்கவில்லை. பார்த்தால், வேறு சர்வரில் இருக்கும் அந்த ஃபோல்டரை யாரோ என்எஃப்எஸ் வழியாகக் கையால் மவுண்ட் செய்துவிட்டு, பூட் ஆகும்போது தானாக மவுண்ட் ஆகவேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் எழுத மறந்திருக்கிறார்கள். மின்சாரம் போய் விடிகாலையில் எழுந்திருந்தால் அந்த ‘யாரோ’வைத் தேடி எல்லோருக்கும் போன் போயிருக்கும். ஷெல் ஹிஸ்டரியைப் புரட்டினேன். மவுண்ட் செய்தது நான்தான். ஒரு வரி சேர்த்துவிட்டுப் படுக்கப் போனேன்.