ஜோராசாங்கோவா, சாந்திநிகேதனா: தாகூர் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

கொல்கத்தாவுக்கு டிக்கெட் போட்டவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். தாகூர் வீட்டைப் பார்க்க வேண்டும். நகரத்துக்குள்ளேயே இருக்கும், அவர் பிறந்த ஜோராசாங்கோ வீடு போதுமா, ரயில் பிடித்து அவர் பள்ளி தொடங்கிய சாந்திநிகேதன் வரை போக வேண்டுமா? இரண்டையும் அம்மாவோடு ஒரே பயணத்தில் பார்த்தேன். என் ஓட்டு சாந்திநிகேதனுக்குத்தான். கையில் ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றாலும் அதைத்தான் சொல்வேன். அலைச்சல் இருக்கும், இருக்கட்டும்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஜோராசாங்கோ, கிரீஷ் பார்க் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம். சாந்திநிகேதனுக்கு ஹௌராவிலிருந்து போல்பூர் வரை சுமார் 150 கிலோமீட்டர், ரயிலில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். போல்பூர் ஸ்டேஷன் வாசலில் டோட்டோ என்று அங்கே சொல்கிற பேட்டரி ரிக்‌ஷாக்கள் வரிசை கட்டி நிற்கும். ஜோராசாங்கோவுக்குத் திங்கள் விடுமுறை, சாந்திநிகேதனுக்குப் புதன். தாகூர் குடும்பம் சார்ந்திருந்த பிரம்ம சமாஜம் என்ற சமயச் சீர்திருத்த இயக்கத்தின் வழக்கப்படி அங்கே கண்ணாடிக் கோயிலில் வாரப் பிரார்த்தனை புதன்கிழமை நடக்கிறது, அங்குள்ள விஸ்வபாரதி பல்கலைக்கழகத்துக்கே அன்றுதான் வார விடுமுறை. விடுமுறை ஞாயிறு என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமை போய் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜோராசாங்கோவுக்கான நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய சித்பூர் சாலைக்கு இப்போது ரவீந்திர சரணி என்று பெயர். ஜாத்ரா நாடகக் கம்பெனிகளின் விளம்பரத் தட்டிகளும் தள்ளுவண்டிகளும் நெருக்குகிற அந்தத் தெருவிலிருந்து துவாரகநாத் தாகூர் சந்துக்குள் திரும்பினால், இங்கே இவ்வளவு பெரிய வீடா என்று தோன்றும். செங்கல் சிவப்பில், பச்சை ஜன்னல்களோடு, நீள நீளமான தாழ்வாரங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குடும்ப மூதாதை நீல்மணி தாகூர் காலத்தில் எழுந்த வீடு. கவிஞரின் தாத்தா துவாரகநாத் காலத்தில் அதன் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. இன்று ரவீந்திர பாரதி பல்கலைக்கழக வளாகத்தில் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1861 மே 7 அன்று தாகூர் பிறந்ததும் 1941 ஆகஸ்ட் 7 அன்று இறந்ததும் இதே வீட்டில்தான். 1941 ஜூலை 30 அன்று அறுவைச் சிகிச்சையும் இங்கேயே நடந்தது. அன்று காலைதான் தன் கடைசிக் கவிதையைச் சொல்லி எழுத வைத்தார். அந்த அறை வாசலில் நின்றால் சத்தமாகப் பேச வராது. அதற்கு ஈடான ஒன்று சாந்திநிகேதனில் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மற்ற அறைகளில் படங்களும் பலகைகளும்தான். ஜப்பானுக்கு ஒரு கூடம், சீனாவுக்கு ஒரு கூடம், அமெரிக்காவுக்கு ஒன்று. படிக்கிற ஆர்வம் உள்ளவர்களுக்குச் சரி. அம்மா இரண்டாவது கூடத்திலேயே உட்கார இடம் தேட ஆரம்பித்துவிட்டார். மாடிப்படிகளும் முட்டிக்கு ஆகாது.

தோட்டம் என்று பார்த்தால் ஜோராசாங்கோவில் ஒரு புல்வெளி இருக்கிறது, அவ்வளவுதான். தாகூர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு இது உறுத்தும். சிறுவனாக இருந்தபோது ஷ்யாம் என்ற வேலைக்காரர் அவரைச் சுற்றிச் சாக்குக் கட்டியால் கோடு போட்டுவிடுவாராம். தாண்டினால் சீதைக்கு ஆன கதிதான் என்று மிரட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பையன் ஜன்னல் வழியாகக் குளத்தையும், அதில் குளிக்க வருகிறவர்களையும், கரையில் விழுதுவிட்ட ஆலமரத்தையும் பார்த்துக்கொண்டே பகலைக் கழிப்பான். அவர் அதை எழுதிய காலத்திலேயே அந்த மரமும் இல்லை, குளமும் இல்லை. ஆக, அந்த வீட்டில் அவர் அதிகம் நேசித்தது எதுவோ அது நமக்குப் பார்க்கக் கிடைக்காது.

சாந்திநிகேதனில் நீங்கள் பார்க்க வேண்டியது உத்தராயண் வளாகம். ஊரின் கதை பெரியது. அப்பா தேவேந்திரநாத் 1863-இல் ஆசிரமம் ஏற்படுத்தியது, 1901-இல் மகன் ஐந்து பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியது, 1921-இல் விஸ்வபாரதி, 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல். அதையெல்லாம் ரயிலில் படித்துக்கொள்ளலாம். உத்தராயணில் ஒரே சுற்றுக்குள் ஐந்து வீடுகள்: கோணார்க், உதயன், ஷ்யாமலி, புனஸ்ச, உதிசி. தாகூர் ஒரு வீடு கட்டிக் குடியேறுவார், கொஞ்ச நாளில் மனசு மாறும், பக்கத்திலேயே இன்னொன்று. உதயனில் அறைக்கு அறை மட்டம் ஏறி இறங்கும். உதிசி தூண்களின் மேல் நிற்கிற மாடி அறையாகத்தான் தொடங்கியது. வயதான காலத்தில் இவ்வளவு வீடு மாறியவர் வேறு யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஜோராசாங்கோ அவருக்கு வாய்த்த வீடு. இவை ஐந்தும் அவராகக் கேட்டுக் கட்டிக்கொண்டவை.

எனக்கு விஷயத்தை முடிவு செய்தது பராமரிப்பு. விசித்திரமான அளவுகோலாகத் தோன்றலாம், ஷ்யாமலி முன்னால் போய் நின்றால் புரியும்.

ஷ்யாமலி 1935-இல் சுரேந்திரநாத் கர் திட்டமிட்டுக் கட்டிய மண் வீடு. சுவர் மட்டுமில்லை, கூரையும் மண்ணாகவே இருக்க வேண்டும் என்பது திட்டம். சுவர் முழுக்க ஓவியர் நந்தலால் போஸ், சிற்பி ராம்கிங்கர் பைஜ், மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த புடைப்புச் சிற்பங்கள். 1940 பிப்ரவரியில் காந்தியும் கஸ்தூர்பாவும் வந்தபோது தங்கியதும் இதில்தான். இது கட்டப்பட்ட சமயத்தில் தாகூர் எழுதிய ஒரு கவிதையில், தன் கடைசி வீட்டை மண்ணால் கட்டப்போவதாகவும், அது இடிந்து விழும்போது தூங்கிப்போவது மாதிரி இருக்கும், மண்ணின் மடியில் மண் கலந்துவிடும் என்றும் சொல்கிறார். அதாவது நிற்பதற்காகக் கட்டிய வீடே இல்லை. இப்போது இந்தியத் தொல்லியல் துறை அதைச் செப்பனிட்டுக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கவிஞரின் விருப்பத்துக்கு எதிராகத்தான் இந்த வேலை நடக்கிறது, ஆனால் நடக்காவிட்டால் நாம் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கிட்டே போய்ப் பாருங்கள். ஓரங்கள் எல்லாம் மழுங்கி உருண்டிருக்கும், ஒரு கூர்முனை கிடையாது. அடிச்சுவரில் பழைய பூச்சும் புதிய பூச்சும் சேரும் இடத்தில் நிறம் லேசாக மாறுகிறது. மண் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோடு என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம். பொங்கலுக்குப் பொங்கல் பூசாவிட்டால் சுவர் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தரைக்குச் சாணி மெழுகியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றார். ஜோராசாங்கோவில் அவருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

தோட்டத்துக்கும் இதே கதைதான். இது பீர்பூம் மாவட்டம், செம்மண் சரளை பூமி. மழை அரித்துக் கிழித்த சிவப்புப் பள்ளங்களை அங்கே கோவாய் என்கிறார்கள், ஊரைத் தாண்டினால் இன்றும் பார்க்கலாம். அப்படிப்பட்ட தரையில் ரோஜாவும் கொடிகளும் சின்னக் குளமுமாக ஒரு தோட்டம் நிற்கிறது என்றால் அது தானாக வந்ததல்ல. உருவாக்கியவர் கவிஞரின் மகன் ரதீந்திரநாத். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டு வந்தவர். மரவேலையும் தெரியும். அவருடைய பட்டறை ‘குஹாகர்’ குகை மாதிரி அதே தோட்டத்தில் இருக்கிறது, அதன் மேலே மனைவி பிரதிமா தேவியின் ஓவியக்கூடம். தாகூர் தன் பங்குக்குக் கொடிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் ரங்கூன் மல்லி என்கிற கொடி அங்கே மதுமஞ்சரி. 1928-இல் மரம் நடுவதையே ஒரு விழாவாக நடத்தினார். இன்று அவர் நினைவு நாளில் மரக்கன்று நடுகிறார்கள். தேவேந்திரநாத் முதலில் இளைப்பாறியதாகச் சொல்லும் சாத்திம் மரம் வேறொன்றுமில்லை, நம் ஏழிலைப்பாலைதான்.

செங்கல் வீட்டை ஒரு முறை ஒழுங்காகச் செப்பனிட்டால் சில வருஷம் கவலையில்லை. மண் சுவரும் ரோஜாப் பாத்தியும் அப்படி விடாது. ஒரு கோடை தண்ணீர் ஊற்றாவிட்டால் தோட்டம் போச்சு, ஒரு மழைக்காலம் கவனிக்காவிட்டால் சுவர் போச்சு. உத்தராயணில் நான் பார்த்தவர்களில் காவலாளிகளைவிடத் தோட்டக்காரர்கள்தான் அதிகம் கண்ணில் பட்டார்கள். ஒருவர் பாதையோரச் செங்கற்களைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, திரும்பச் சாய்த்து நட்டுக்கொண்டே போனார். அந்த வீட்டில் இன்னும் வேலை நடக்கிறது என்ற உணர்வு எனக்கு அங்கேதான் வந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. வீடுகளுக்குள் பெரும்பாலும் வாசலோடு நிறுத்திவிடுவார்கள், ஜன்னல் வழியாக எட்டித்தான் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்தில் இருக்கும் நோபல் பதக்கம் நகல். அசல் 2004 மார்ச்சில் திருடு போனது. கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிற ஹம்பர் கார் அசல்தான், குழந்தைகள் அதன் முன்னால் நகர மாட்டார்கள். வகுப்புகள் நடக்கும் ஆசிரமப் பகுதிக்குள் எப்போது, யாரை விடுவார்கள் என்பது அடிக்கடி மாறுகிறது, போகும் முன் விசாரித்துவிடுங்கள். டோட்டோக்காரர்கள் ‘இத்தனை பாயிண்ட்’ என்று கணக்குப் போட்டு விரட்டுவார்கள். எங்களை ஏற்றிய பையன் உத்தராயணுக்கு அரை மணி நேரம் போதும் என்று சாதித்தான். அவனை அங்கேயே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு நிதானமாகப் பார்த்தோம். உங்களுக்கும் அதுவே நல்லது. ஓவியம் பிடிக்கும் என்றால் விஸ்வபாரதியின் கலைக் கல்லூரியான கலாபவனில் ராம்கிங்கரின் ‘சந்தால் குடும்பம்’ சிற்பத்தையும், கே.ஜி. சுப்ரமணியனின் கறுப்பு வெள்ளைச் சுவரையும் விடாதீர்கள்.

நான் போனது குளிர்காலத்தில். தோட்டம் அப்போது முழு அலங்காரத்தில் இருக்கும், அதனால் என் தீர்ப்பில் கொஞ்சம் சலுகை சேர்ந்திருக்கலாம். ஏப்ரல், மே வெயிலில் பீர்பூம் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஜோராசாங்கோ நிழலே தேவலை என்று எழுதியிருப்பேனோ என்னவோ. டிசம்பர் கடைசியில் பௌஷ் மேளா என்கிற திருவிழாக் கூட்டம், அறை கிடைப்பது கஷ்டம். மழைக்காலத்தில்தான் அந்த ஊர் அழகு என்று வங்காளிகள் சொல்கிறார்கள், நான் பார்த்ததில்லை. டார்ஜிலிங் மலையில் மங்பூ, பங்களாதேஷில் ஷிலாய்தஹ என்று இன்னும் இரண்டு தாகூர் வீடுகள் உண்டு. அவையும் நான் போகாத இடங்கள், அதனால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டுக்கும் நேரம் இருந்தால் சாந்திநிகேதனை முதலில் வையுங்கள். 1941 ஜூலை 25 அன்று அவரே அங்கிருந்து கடைசியாகக் கிளம்பி ஜோராசாங்கோவுக்குத்தான் வந்தார். தோட்டத்தையும் மண் வீட்டையும் பார்த்த கண்ணோடு போனால் அந்தக் கடைசி அறை வேறு மாதிரி தெரிகிறது. ரயில் ஹௌராவில் விட்டதும், 2024-இல் திறந்த ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் எஸ்பிளனேட் வந்து, அங்கே மாறினால் கிரீஷ் பார்க். இரவு போல்பூரில் தங்கிக் காலை ரயிலில் திரும்பினால் மதியத்துக்குள் ஜோராசாங்கோ வாசலில் இருக்கலாம். அது திங்கட்கிழமையாக மட்டும் இருக்கக் கூடாது.