ஊட்டிக்கு பைக்கில்: குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஒரே சாலைதான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே பிரியும் இரண்டில் குன்னூர் வழியாக ஊட்டி சுமார் 50 கி.மீ. கோத்தகிரி வழி பத்துப் பன்னிரண்டு கி.மீ. கூடுதல்.

குன்னூர் பாதையில் கல்லாறு தாண்டியதும் ஏற்றம், 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாரில் நிறுத்தினால், சீசனாக இருந்தால் மங்குஸ்தான் கிடைக்கும். மலை ரயில் கண்ணில் பட்டால் அது தனி அதிர்ஷ்டம். ஆனால் சனிக்கிழமை காலையில் பேருந்துக்குப் பின்னால் முதல் கியரில் புகை குடித்துக்கொண்டே ஏறுவதில் என்ன சுகம்?

வண்டி ஓட்டுவதே இன்பம் என்பவர்களுக்கு என் ஓட்டு கோத்தகிரிக்குத்தான். நெரிசல் குறைவு. வளைவுகள் நீளமானவை, பைக்கைச் சாய்த்துத் திருப்பி அடுத்த வளைவுக்குத் தயாராக நேரம் இருக்கும். அரவேணு பக்கம் கேத்தரின் அருவி, பிறகு தேயிலைத் தோட்டங்கள், ஊட்டிக்குச் சற்று முன்னால் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்குப் பிரியும் சாலை.

கோடை சீசனில் மட்டும் இந்தத் தேர்வு நம் கையில் இருக்காது. ஒருவழிப் பாதையாக்கி, குன்னூர் வழியே ஏற்றி கோத்தகிரி வழியே இறக்குவார்கள். இறங்கும்போது நியூட்ரல் வேண்டாம், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். யானை நடமாட்டம் உண்டு, இருட்டுமுன் கீழே வந்துவிடுங்கள்.