198 வெள்ளி ஒமாகாசே, ஆளுக்கு 334 வெள்ளி ஆனது எப்படி

சிங்கப்பூரில் வீட்டு விசேஷம் எதற்காவது ஒமாகாசே என்ற ஜப்பானியச் சாப்பாடு சாப்பிட நினைத்திருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நானும் என் அக்காவும் ஏமாந்து வந்தோம். கடையின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்ததை மட்டும் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 50 வயது ஆனது. தாதியாக 24 வருடம் இங்கே வேலை பார்த்திருக்கிறார். நான் படித்து முடிக்கும்வரை மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பியவர் அவர்தான். அவர் தனக்கென்று ஒரு நல்ல சாப்பாட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை. சுஷி பிடிக்கும், பேரங்காடியில் இரவு விலை குறைத்து விற்கும் பெட்டியை வாங்கிச் சாப்பிடுவார். அதனால் இந்த முறை செஃப் கையால் ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக் கொடுக்கும் இடத்துக்கே கூட்டிப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒமாகாசே என்ற ஜப்பானியச் சொல்லுக்கு 'உங்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறேன்' என்று பொருள். நாம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. அன்றைக்கு எந்த மீன் நன்றாக இருக்கிறதோ அதை, எந்த வரிசையில் சாப்பிட வேண்டுமோ அந்த வரிசையில் செஃப் தருவார். நம்பிக்கைதான் இந்தச் சாப்பாட்டுக்கு அடிப்படை. அந்த நம்பிக்கையை வைத்தே எங்களிடம் காசு பிடுங்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் பார்த்த விளம்பரத்தில் 18 வகை, ஒருவருக்கு 198 வெள்ளி, பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி. இணைய மதிப்பீடு ஐந்துக்கு 4.9. ஆளுக்கு 100 வெள்ளி முன்பணம் அட்டையில் எடுத்துக்கொண்டார்கள். போகும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அது திரும்ப வராது. முன்பதிவுப் படிவத்தில் தெளிவாக எழுதினேன்: ஒருவர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார், 50ஆம் பிறந்தநாள், செஃபுக்கு எதிரே இருக்கும் கவுண்டரில் இடம் வேண்டும். 'குறித்துக்கொண்டோம்' என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை போனோம். அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தார். கவுண்டரில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தும், கழிவறைக்குப் போகும் வழியை ஒட்டிய மேசையில் எங்களை உட்கார வைத்தார்கள். கேட்டதற்கு, கவுண்டர் இதைவிட விலை கூடிய மெனுவுக்கு என்றார்கள். முன்பதிவுப் பக்கத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

முதல் கேள்வி, ஸ்டில் தண்ணீரா, ஸ்பார்க்லிங்கா என்பது. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கிற ஊர் இது. ஆனால் அந்த மூன்றாவது வழியை அவர்கள் வாயே திறக்கவில்லை. ஸ்டில் என்றேன். பாட்டில் வந்தது, காலியானதும் கேட்காமலே இன்னொன்று திறந்து ஊற்றினார்கள்.

சுஷி நான்கு நான்காக ஒரே தட்டில் வந்தது. நாங்கள் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், மீனைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அக்கா முதல் துண்டை எடுத்து முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். கெட்டுப்போன வாடை இல்லை, ஆனால் எந்த வாசனையுமே இல்லை. சோறு குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்ததுபோல் சில்லென்று விறைத்திருந்தது. சுஷிச் சோறு கை வெதுவெதுப்பில் இருக்க வேண்டும், வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். இது கட்டியாகவே தொண்டைக்குள் இறங்கியது. வசாபி என்ற காரமான பச்சை விழுது பற்பசைபோல் வழவழவென்று இருந்தது. உண்மையான வசாபியை அப்போதைக்கு அப்போது துருவுவார்கள். துருவிய சில நிமிடங்களிலேயே அதன் மணம் போய்விடும். டியூபில் வருவது பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கோடு கடுகும் பச்சை நிறமும் சேர்த்தது. பத்து வெள்ளி சாப்பாட்டில் அது இருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. 198 வெள்ளிக்கு அதையா வைப்பது?

அப்புறம் பணிப்பெண் வந்து, "இன்று காலை டொயோசு சந்தையிலிருந்து வந்த உனி இருக்கிறது, செஃப் உங்களுக்காக வைத்திருக்கிறார், கொண்டு வரவா?" என்றார். உனி என்பது கடல்முள்ளெலியின் மஞ்சள் சதை. ஒமாகாசேயில் உட்கார்ந்திருக்கும்போது இப்படிக் கேட்டால் அடுத்த வகை அதுதான் என்று நினைப்போமா, இது தனிக் காசு என்று நினைப்போமா? தலையாட்டினோம். "மேலே கொஞ்சம் கேவியர் வைக்கலாமா?" கேவியர் என்பது உப்பிட்ட மீன்முட்டை. அதற்கும் தலையாட்டினோம். விலை என்ற சொல்லே அங்கே வரவில்லை.

இந்த 'இன்று காலை' என்ற பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோக்கியோவின் பழைய சுக்கிஜி மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் டொயோசுவுக்கு மாறியது. நல்ல சுஷிக் கடைகள் பல அங்கிருந்து விமானத்தில் மீன் வரவழைப்பது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் டொயோசுவுக்குப் பெரும்பாலும் விடுமுறை. நாங்கள் போனதும் ஞாயிறு. சந்தை நாட்காட்டியில் அன்று விடுமுறை என்றே போட்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மீன் ஒரு நாள் பழையது என்பது குற்றமே இல்லை. சூரை போன்ற மீனை நாள் கணக்கில் பதப்படுத்தி வைத்துப் பரிமாறுவது அங்கே மதிக்கப்படும் கைத்திறன். "நேற்று வந்தது" என்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் நாங்கள் சாப்பிட்டிருப்போம்.

அடுத்து வந்த சின்னக் கிண்ணத்தில் சோற்றின் மேல் மெல்லிய இறைச்சித் துண்டுகள், அதன் மேல் தங்க இழை. அக்கா குச்சியை எடுத்துவிட்டார். ஏதோ தோன்றி, "இது என்ன?" என்று கேட்டார். வாக்யூ என்றார் பணிப்பெண். வாக்யூ என்றால் ஜப்பானிய மாட்டிறைச்சி. அக்கா குச்சியை மெதுவாகக் கீழே வைத்தார். நான் முன்பதிவைக் கைபேசியில் திறந்து காட்டினேன். சமையலறைக்குத் தகவல் போகவில்லை என்றார்கள். மாற்றுக்கு இருபது நிமிடம் கழித்து வெள்ளரிக்காய் வைத்த சோற்றுச் சுருள் இரண்டு துண்டு வந்தது. அதற்குள் என் கிண்ணம் ஆறிப்போயிருந்தது. "பரவாயில்லடா தம்பி, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றார் அக்கா. அவர் வயிறு நிறையவில்லை என்று எனக்குத் தெரியும்.

பில் 669 வெள்ளி 4 காசு.

சாப்பாடு 396. உனி ஆளுக்கு 38, கேவியர் ஆளுக்கு 25. தண்ணீர் இரண்டு பாட்டில் 24. கேட்காமலே வைத்த பச்சைத் தேநீர் இரண்டு கோப்பை 12. கூட்டினால் 558. அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தத் தொகைக்கும் சேர்த்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி. வரி 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் வரியைச் சேர்க்காத விலையைப் போடுவதற்கு இங்கே அனுமதி உண்டு. அதனால் இரண்டு பிளஸ் குறி பார்த்தால் 1.199ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 198 என்பது உண்மையில் 237 வெள்ளி 40 காசு. இருவருக்கும் 474 வெள்ளி 80 காசு ஆகும் என்ற கணக்கோடுதான் நான் போனேன். மீதி 194 வெள்ளி எனக்குத் தெரியாமல் ஏறியது.

மேலாளர் மெனு அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் அடியில், கூடுதல் வகைகளுக்குத் தனிக் கட்டணம் என்று பொடி எழுத்தில் இருந்தது. 18 வகையும் அதில்தான் இருந்தது. ஊறுகாய் இஞ்சி ஒரு வகை, மிசோ சூப் ஒரு வகை, ஒரு கீற்று முலாம்பழம் ஒரு வகை. சுஷி மொத்தம் எட்டுத் துண்டுதான். அந்த எட்டில் ஒன்றாவது வாயில் நின்றிருந்தால் எண்ணிக்கையைப் பற்றி நான் பேசியிருக்கவே மாட்டேன்.

பில்லோடு இன்னொரு அட்டையும் வைத்தார்கள். அங்கேயே ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டினால் ஐஸ்கிரீம் இலவசம். அந்த 4.9 எப்படி வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்கு வந்து மதிப்புரைகளை மறுபடி வாசித்தேன். பத்தில் எட்டு, இன்ன பணியாளர் அன்பாகக் கவனித்தார் என்று பெயர் சொல்லி முடிந்திருந்தது. மீனைப் பற்றியோ சோற்றைப் பற்றியோ ஒரு வரி இல்லை. நீங்கள் தேடும்போது இதை முதலில் பாருங்கள். நட்சத்திரத்தை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் நிதானமாக எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள்.

மெனுவையும் கவனியுங்கள். எதை எடுத்தாலும் டிரஃபிள் என்ற விலையுயர்ந்த காளான், கேவியர், தங்க இழை என்று இருந்தால் நான் இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். அவை காசு கொடுத்தால் எந்தக் கடைக்கும் கிடைக்கிற பொருள்கள். கொஹாதா, அனாகோ என்ற கடல் விலாங்கு, முட்டை என்று எழுதியிருந்தால் நம்பிக்கை வருகிறது. கொஹாதா நம் மத்திக்கு உறவான, வெள்ளிநிறச் சின்ன மீன். விலையும் பெரிதாக இல்லை. ஆனால் உப்பும் வினிகரும் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது செஃபின் கையில் இருக்கிறது. கொஞ்சம் தவறினாலும் உப்புக் கரிக்கும், இல்லையென்றால் கவிச்சி அடிக்கும்.

முன்பணம் கட்டும் முன் தொலைபேசியில் பேசுங்கள், படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். சுஷி எத்தனை துண்டு, உட்காரும் இடம் கவுண்டரா மேசையா, தண்ணீருக்கும் தேநீருக்கும் காசு உண்டா, சாப்பிடாததற்கு மாற்று என்ன தருவார்கள் என்று கேளுங்கள். ஒழுங்கான கடை எரிச்சல்படாமல் பதில் சொல்லும். பிறகு அதையே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். சாப்பிடும்போது 'வேண்டுமா' என்று யாராவது கேட்டால் உடனே 'இது மெனுவில் சேர்ந்ததா, தனிக் காசா' என்று திருப்பிக் கேளுங்கள். நல்ல நாளில் விலை கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கும் அக்கா முன்னால் கேட்க வாய் வரவில்லை. அந்தக் கூச்சம் எங்களுக்கு உனிக்கும் கேவியருக்கும் சேர்த்து, வரி போக, 126 வெள்ளியாக முடிந்தது.

மறுநாள் பில், முன்பதிவின் படம், சந்தை நாட்காட்டி எல்லாம் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, அடுத்த முறை வரும்போது 50 வெள்ளி தள்ளுபடி என்று பதில் வந்தது. வேண்டாம் என்று எழுதினேன். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுப்பேன், தேவைப்பட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்கும் போவேன் என்று சேர்த்து எழுதினேன். மூன்றாம் நாள் உனி, கேவியர் காசு சேவைக் கட்டணத்தோடும் வரியோடும் சேர்த்து 151 வெள்ளி 7 காசு அட்டைக்குத் திரும்பி வந்தது. மாட்டிறைச்சி வைத்ததற்கு ஒரு வரி மன்னிப்புகூட இல்லை. காசைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

போன வாரம் அக்காவை மறுபடி கூட்டிப் போனேன். எட்டே நாற்காலி உள்ள சின்னக் கடை, மதிய ஒமாகாசே, 78 வெள்ளி, அதே இரண்டு பிளஸ். பல கடைகளில் மதியம் இரவைவிட நன்றாகவே விலை குறைவு. முந்தின நாள் அவர்களே அழைத்து, மாட்டிறைச்சி வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், சூப்புக்கான தாஷி என்ற சாற்றைக்கூட மீனும் கடற்பாசியும் போட்டுத்தான் காய்ச்சுகிறோம், கவலை வேண்டாம் என்றார்கள். செஃப் கொஹாதாவை அக்காவின் முன்னால் வைத்து, சீக்கிரம் சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினார். அக்கா வாயில் போட்டார், கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அம்மா மத்தியை உப்புப் போட்டு வைப்பாங்களே, அந்த வாசம்டா" என்றார்.

பில் 187 வெள்ளி 4 காசு. போகும் முன் கைபேசியில் நான் போட்டு வைத்திருந்த கணக்கும் அதேதான்.