டெக்சாஸில் துப்பாக்கி டிரஸ்ட் வாங்கி ஏமாந்தேன்: இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

2026 ஜனவரி 1 முதல் துப்பாக்கி ஒலியடக்கிகளுக்கும் குட்டைக் குழல் ரைபிள்களுக்கும் இருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி பூஜ்யமாகிவிட்டது. அன்றிலிருந்து, "வரியே இல்லை, ஒரு டிரஸ்ட் மட்டும் வாங்கிக்கொண்டால் வீட்டில் உள்ள எல்லோரும் பயன்படுத்தலாம்" என்ற விளம்பரம் டாலஸ் பகுதியில் நான் இருக்கும் இரண்டு தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது. டிரஸ்ட் என்பது ஒரு சொத்தை டிரஸ்டிகள் எனப்படும் பொறுப்பாளர்கள் பயனாளிகளுக்காக வைத்து நிர்வகிக்கும் சட்ட ஏற்பாடு. டிரஸ்ட் பற்றிய கிட்டத்தட்ட இதே பேச்சை நம்பித்தான் 2024 ஆகஸ்டில் ஒரு டிரஸ்ட் ஆவணத்துக்கு நான் 495 டாலர் கொடுத்தேன். பணம் போனது எனக்குப் பெரிதல்ல. அந்த விற்பனையாளர் தொலைபேசியில் சொன்ன யோசனையை அப்படியே செய்திருந்தால், எங்கள் வீட்டில் எச்-1பி விசாவில் இருக்கும் என் மைத்துனரை நானே என் கையெழுத்தால் ஒரு கூட்டாட்சிக் குற்றத்தில் மாட்டிவிட்டிருப்பேன். வேறு எந்தக் குடும்பமும் அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பதற்காக நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

நண்பர் ஒருவருக்கு நகருக்கு வெளியே கொஞ்சம் நிலம் இருக்கிறது. காட்டுப் பன்றிகள் இரவோடு இரவாக வயலை உழுததுபோல் புரட்டிப் போட்டுவிடும் என்பதால், குளிர்காலத்தில் நாங்கள் சிலர் அங்கே வேட்டைக்குப் போவது வழக்கம். ரைபிள் வெடிக்கும் சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல் வரை போகும். ஒலியடக்கி அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். சினிமாவில் காட்டுவதுபோல் சத்தமே இல்லாமல் செய்துவிடாது. இரண்டு வருடம் வேட்டைக்குப் போன பிறகு என் இடது காதில் ஓயாத இரைச்சல் தொடங்கியதால், அதை வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒலியடக்கி, 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ஷாட்கன், இயந்திரத் துப்பாக்கி ஆகியவை எல்லாம் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருபவை. இவற்றை வைத்திருப்பதற்கு, துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சித் துறையான ஏ.டி.எஃப்.பிடம் விண்ணப்பித்து, கூட்டாட்சிப் பதிவேட்டில் பெயர் ஏறி, ஒப்புதல் வந்த பிறகுதான் பொருளைக் கையில் வாங்க முடியும். வரி பூஜ்யமானாலும் இந்தப் பதிவு முறை அப்படியே இருக்கிறது. பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. தனி நபரின் பெயரில் பதிவு செய்தால் அவர் ஒருவர்தான் அதை வைத்திருக்கலாம். அவர் ஊரில் இல்லாதபோது மனைவி பெட்டகத்தைத் திறக்க முடிகிற நிலையில் இருந்தாலே சட்டச் சிக்கல் வரக்கூடும். டிரஸ்டின் பெயரில் பதிவு செய்தால், அதன் டிரஸ்டிகள் ஒவ்வொருவரும் சட்டப்படி அதை வைத்திருக்கலாம். ஆகவே டிரஸ்ட் என்பது ஏமாற்று வேலை அல்ல. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அதுவே சரியான வழி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை விற்பவர்களில் சிலர் சொல்வதுதான் பொய்.

என்னிடம் பேசியவர் தம்மை "டிரஸ்ட் நிபுணர்" என்று சொல்லிக்கொண்டார். வழக்கறிஞரா என்று கேட்டேன். "வழக்கறிஞர்கள் எழுதிய ஆவணம்" என்று பதில் வந்தது. நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. டிரஸ்ட் வழியாகப் போனால் கைரேகை வேண்டாம், புகைப்படம் வேண்டாம், காவல்துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டாம் என்றார். மனைவியையும் மைத்துனரையும் டிரஸ்டிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் காலத்துக்குப் பிறகு எந்தக் காகிதமும் இல்லாமல் மகனுக்குப் போய்ச் சேரும் என்றும், எந்த மாநிலத்துக்குக் குடிபோனாலும் எடுத்துச் செல்லலாம் என்றும் சொன்னார். வாழ்நாள் முழுவதும் திருத்தங்கள் இலவசம் என்றும் உறுதி கொடுத்தார்.

கைரேகை வேண்டாம் என்பது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அப்போது தனி நபர்தான் கைரேகை கொடுத்து, உள்ளூர்க் காவல்துறைத் தலைவரின் ஒப்புதல் கையெழுத்தையும் வாங்க வேண்டியிருந்தது; டிரஸ்டுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. பலர் டிரஸ்டை நாடியதற்கே அதுதான் காரணம். 41எஃப் என்று அழைக்கப்படும் விதி 2016 ஜூலை 13 அன்று நடைமுறைக்கு வந்தபோது அது மாறிவிட்டது. இப்போது டிரஸ்டிகள் உட்பட டிரஸ்டின் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் 5320.23 என்ற படிவத்தை நிரப்பி, புகைப்படமும் கைரேகையும் தர வேண்டும். காவல்துறைத் தலைவரின் கையெழுத்துதான் தேவையில்லை. அவருக்கு ஒரு பிரதி அனுப்பித் தெரிவித்தால் போதும். ஆக, எட்டு ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியான ஒரு பேச்சை என்னிடம் காசுக்கு விற்றிருக்கிறார்.

ஆவணம் பிடிஎஃப் கோப்பாக வந்தது, 14 பக்கம். நான் அச்செடுத்து, மனைவியோடு ஒரு நோட்டரியிடம் போய்க் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன். வரிவரியாகப் படித்தது பல மாதங்கள் கழித்துத்தான். அதன் ஏழாம் பக்கத்தில், அடுத்த டிரஸ்டி யார் என்று சொல்லும் பத்தியில், எங்களுக்கு முற்றிலும் அறிமுகமில்லாத ஒரு கணவன் மனைவியின் பெயர் அப்படியே இருந்தது. வேறு யாருக்கோ செய்து கொடுத்ததைத் திறந்து, முதல் பக்கத்தில் மட்டும் எங்கள் பெயரை மாற்றியிருக்கிறார்கள். எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்ற வரியில் புளோரிடா என்று இருந்தது. நாங்கள் இருப்பது டெக்சாஸில். டிரஸ்டின் பெயர் முதல் பக்கத்தில் ஆண்டோடும், கையெழுத்துப் பக்கத்தில் ஆண்டில்லாமலும் அச்சாகியிருந்தது.

அந்த ஆவணத்தோடு, ஒலியடக்கியை டிரஸ்டின் பெயருக்கு மாற்றக் கேட்கும் ஏ.டி.எஃப். விண்ணப்பமான படிவம் 4-ஐ செப்டம்பரில் அனுப்பினோம். விற்பனையாளர் சொன்னபடி பொறுப்பாளராக என் பெயரை மட்டும் கொடுத்தேன். ஆனால் இணைத்த டிரஸ்ட் ஆவணத்தில் மனைவியும் டிரஸ்டியாக இருந்தார். அவருடைய படிவமும் கைரேகையும் இல்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உடனே சமையலறை மேசையில் மை தடவிய அட்டையை வைத்து, மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தோம். வலது கட்டைவிரல் ரேகை மூன்று முறையும் தெளிவாக விழாமல் கலங்கிக் கலங்கி வந்தது. நான்காவது அட்டையில்தான் சரியாக விழுந்தது. இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது, படிவத்தில் உள்ள டிரஸ்டின் பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று மீண்டும் நிராகரிப்பு. நிராகரித்தால் வரித் தொகை திரும்பி வந்துவிடும், அது வந்தது. ஆனால் நான் முழுப் பணமும் கட்டி வாங்கிய ஒலியடக்கி கடைக்காரரின் பெட்டகத்திலேயே கிடந்தது. கடையின் விதிப்படி அந்தப் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.

இனி மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

முதல் நிராகரிப்புக்குப் பிறகு விற்பனையாளரை அழைத்து, மைத்துனரையும் சேர்க்க வேண்டும், அவர் எச்-1பியில் இருக்கிறார், அவருடைய கைரேகையையும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "இப்போது சேர்க்காதீர்கள். ஒப்புதல் வந்த பிறகு ஒரு திருத்தப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை" என்றார். ஒப்புதலுக்குப் பிறகு புதிய டிரஸ்டியைச் சேர்த்தால் அடுத்த விண்ணப்பம் வரை ஏ.டி.எஃப்.புக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் அவர் என்னைப் படுகுழியின் விளிம்புக்குக் கொண்டுபோனார். குடியேற்ற விசா அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டத்தின் 922(ஜி)(5) பிரிவு சொல்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பெற்றோர் வந்து தங்கும் பி-2 எல்லாமே அந்த வகைதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மைத்துனரிடம் அப்படி எதுவும் இல்லை. டிரஸ்டில் பெயர் எழுதுவதால் இந்தத் தடை நீங்கிவிடாது. தடையுள்ளவர் வைத்திருந்தாலும், தெரிந்தே அவருக்குக் கொடுத்தாலும், 2022-க்குப் பிறகு 15 ஆண்டு வரை சிறை. அதற்கு மேல், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்துவதற்குக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர், இரண்டாம் நிராகரிப்புக்குப் பிறகு நான் பார்க்கப் போன, டெக்சாஸில் உரிமம் பெற்ற வழக்கறிஞர். மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகு புளோரிடாவில் ஒரு சுடுதளத்தில் சுட்டுப் பழகியதற்காகவே ஒருவர் வழக்கில் சிக்கி, அது 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். தம் சட்ட நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியதால் அந்தத் தண்டனை நிற்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தம் விசா என்னவென்று தெரியாதவர் யார்?

பிறகு வழக்கறிஞர் கேட்ட கேள்வி எனக்கு நெஞ்சை அடைத்தது. "உங்கள் பெட்டகத்தின் குறியீட்டு எண் மைத்துனருக்குத் தெரியுமா?" தெரியும். வீட்டுப் பத்திரங்களும் நகைகளும் அதற்குள்தான் இருக்கின்றன என்பதால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நானே சொல்லி வைத்திருந்தேன். என் சாதாரண ரைபிளும் அதே பெட்டகத்தில்தான் இருந்தது. கையில் தொடாவிட்டாலும், எடுத்து ஆளும் வசதி ஒருவருக்கு இருந்தால் அதையும் வைத்திருப்பதாகவே நீதிமன்றம் கருத இடமுண்டு என்றார். அன்று மாலையே எண்ணை மாற்றினேன். மைத்துனரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அத்தான், அந்தக் காகிதத்தில் என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா?" இல்லை என்று பதினான்கு பக்கத்தையும் புரட்டிக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. கிரீன் கார்டுக்காக ஒன்பது ஆண்டாகக் காத்திருப்பவர் அவர்.

விற்பனையாளர் சொன்ன மற்றவையும் நிற்கவில்லை. மகனுக்குப் பயனாளி என்ற முறையில் பொருள் போய்ச் சேர வேண்டுமானால் ஏ.டி.எஃப்.புக்கு வரியில்லாத படிவம் 5 அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் உள்ளிட்ட 8 மாநிலங்களில் பொதுமக்கள் ஒலியடக்கி வைத்திருக்கவே முடியாது. வேலை மாறி நியூஜெர்சிக்குப் போகும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆளிடம் டிரஸ்ட் வாங்கிய திருமணமாகாத நண்பர் ஒருவரின் ஆவணத்தில், டிரஸ்டை ஏற்படுத்துபவர், ஒரே டிரஸ்டி, ஒரே பயனாளி எல்லாம் அவரே. சொத்தை ஆள்பவரும் அனுபவிப்பவரும் ஒருவரே என்றால் டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 112.034 பிரிவுப்படி டிரஸ்டே நிற்காது. அவரும் இப்போது வழக்கறிஞரிடம் போயிருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஆவணத்தைத் தந்துவிட்டோம்" என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. இலவசம் என்ற திருத்தத்துக்கு 75 டாலர் கேட்டார்கள். பிறகு தொலைபேசியை எடுப்பதே இல்லை. கிரெடிட் கார்டு நிறுவனத்தில் முறையிட்டேன்; காலக்கெடு தாண்டிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். உரிமமின்றி வழக்கறிஞர் தொழில் செய்வோரை விசாரிக்க டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அமைத்துள்ள குழுவுக்கும், மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும் புகார் அனுப்பியிருக்கிறேன். வெறும் படிவம் விற்பதை இந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது, அது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருந்தால். எனக்கு வந்த 14 பக்கத்தில் அப்படி ஒரு வரி கூட இல்லை.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே ஆவணத்தை எடுத்து, பொருந்தும் சட்டம் எந்த மாநிலத்தினுடையது, எல்லாப் பக்கத்திலும் டிரஸ்டின் பெயர் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறதா, டிரஸ்டிகளாக எழுதப்பட்டவர்களில் யாராவது விசாவில் இருக்கிறார்களா என்று பாருங்கள். கஞ்சா பயன்படுத்துபவர் யாரும் அதில் இருக்கக் கூடாது. மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது தடைதான். விசாவில் இருப்பவர் பெயர் ஏற்கெனவே இருந்தால், நீங்களாகவே அடித்துத் திருத்தாமல், அந்தப் பக்கத்தோடு உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் போங்கள். வழக்கறிஞரின் உரிமத்தை, மாநில வழக்கறிஞர் அமைப்பான டெக்சாஸ் ஸ்டேட் பார் இணையதளத்தில் பெயரைப் போட்டால் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

வழக்கறிஞர் எழுதிய புதிய டிரஸ்டில் நானும் மனைவியும் மட்டும் டிரஸ்டிகள். 2025 ஏப்ரலில் ஒப்புதல் வந்து ஒலியடக்கி வீட்டுக்கு வந்தது. கடவுச்சீட்டு, பத்திரம், நகை எல்லாவற்றையும் வேறொரு சிறிய பெட்டகத்துக்கு மாற்றிவிட்டோம். அதன் எண் மைத்துனருக்குத் தெரியும். அடுத்த மாதம் ஊரிலிருந்து வரும் என் அப்பா அம்மாவுக்கும் அந்த எண்ணை மட்டும்தான் சொல்லப்போகிறோம்.