லவ்டேல் பள்ளி: கோவனின் வழியும் ஸ்டூவர்ட்டின் வழியும்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1841இல் தொடங்கிய லவ்டேல் பள்ளியில், ஆப்பிரிக்க மாணவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்பதில் இரு தலைவர்கள் எதிரெதிராக நின்றார்கள்.

முதல் தலைவரான வில்லியம் கோவன், 11 ஆப்பிரிக்கரையும் 9 வெள்ளையரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி, லத்தீன், கிரேக்கம் உட்பட ஒரே பாடத்தை எல்லோருக்கும் நடத்தினார். கடவுள் முன் அனைவரும் சமம் என்பதைத் தனியாகப் போதிக்கத் தேவையின்றி, அந்த வகுப்பறையே அதைக் காட்டியது. (உணவு மேசைகள் மட்டும் தனித்தனியாகவே இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை.) பிற்காலத்தில் ஸ்காட்லாந்து சென்று போதகராகத் திரும்பிய டியோ சோகா இங்குப் படித்தவரே.

1870இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஸ்டூவர்ட், சிலருக்கு உயர்கல்வி அளிப்பதைவிடப் பலருக்கு அடிப்படைக் கல்வி அளிப்பதே மேல் என்று கருதினார். செம்மொழிகள் பின்னுக்குப் போயின. ஆங்கிலமும், 1850களிலேயே அறிமுகமாகியிருந்த தச்சுவேலை, கொல்லர்வேலை, கொத்துவேலைப் பயிற்சிகளும் முன்னுக்கு வந்தன. உழைப்பும் ஒழுங்கும் விழுமியங்களாயின.

எண்ணிக்கையில் ஸ்டூவர்ட்டின் வழியே பலருக்குப் பயன்பட்டது. ஆனால் ஆப்பிரிக்கருக்கு வேறொரு கல்வி போதும் என்ற எண்ணத்துக்கு அது இடம் கொடுத்ததால், மாணவரின் தன்மதிப்பை அளவுகோலாக வைத்தால் நான் கோவன் பக்கமே நிற்பேன்.